கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் தமிழ்நாட்டுப் பயணம் பற்றிய பேச்சு எழுந்தவுடன் முதலில் கேட்கப்படுவது பயணச்சீட்டின் விலை. அடுத்துக் கேட்கப்படுவது, போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது. விலைக்கு உடனே ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. நேரத்துக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்து, போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஆறரை மணி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு மணி நேரம் என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் படியிறங்கியதிலிருந்து உறவினர் வீட்டுப் படியேறும் வரை அரை நாள் போய்விடும் என்று அனுபவத்தில் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றை அளந்து சொல்வதால்தான் இந்த வேறுபாடு. எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொண்டால், திருமண முகூர்த்தத்துக்கு எந்த விமானத்தைப் பிடிக்க வேண்டும், மீனம்பாக்கத்தில் அழைத்துப் போக வருபவர் எத்தனை மணிக்கு வர வேண்டும், தனியாகப் பயணம் செய்யும் அம்மாவுக்கு அடுத்த வேளை மருந்து எப்போது என்பவற்றையெல்லாம் நாமே உறுதியாகச் சொல்லிவிட முடியும். அந்தக் கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். உதாரணத்துக்குக் கோலாலம்பூர்-சென்னைப் பாதையை எடுத்துக்கொள்கிறேன். முறை எந்த இரண்டு நகரங்களுக்கும் பொருந்தும்.

எங்கிருந்து எங்கு வரை

இணையத்தில் கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையிலான தொலைவைத் தேடினால் ஓரிடத்தில் சுமார் 2,600 கிலோமீட்டர் என்றும், வேறோர் இடத்தில் சுமார் 2,630 கிலோமீட்டர் என்றும் வரும். இரண்டும் சரியானவையே. முதல் எண் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்தது. இரண்டாவது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் நகருக்குள் இல்லை, தெற்கே சிப்பாங்கில் இருக்கிறது. சென்னையோ வடமேற்குத் திசையில் இருக்கிறது. ஆகவே விமானம் ஏறுவதற்காக நாம் எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிறோம். அந்த வேறுபாடுதான் இரண்டு எண்களுக்கும் இடையே தெரிகிறது. பறக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டுமானால் விமான நிலையங்களுக்கு இடையிலான எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். தேடும்போது நகரப் பெயருக்குப் பதிலாக விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது: சிப்பாங்குக்கு கேயூஎல், சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட், பினாங்குக்கு பிஇஎன், கோலாலம்பூரின் மற்றொரு விமான நிலையமான சுபாங்குக்கு எஸ்இசட்பி.

அலகையும் கவனிக்க வேண்டும். வானூர்தித் துறையினர் கடல் மைலில் அளப்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதே 2,630 கிலோமீட்டர், கடல் மைலில் சுமார் 1,420 என்றும், சாதாரண மைலில் சுமார் 1,634 என்றும் வரும். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதிக்கொள்பவர்களின் கணக்கு பாதிக்குப் பாதி தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

தொலைவை இணையத்தின் உதவியில்லாமல் நாமே கண்டுபிடிக்கவும் முடியும். பள்ளிப் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துச் செய்யத்தக்க கணக்கு இது என்பதால் முழுமையாகவே எழுதுகிறேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்சரேகையும் ஒரு தீர்க்கரேகையும் உண்டு. சிப்பாங் விமான நிலையம் வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகை. அட்சரேகைகளின் வேறுபாடு 10.24 பாகை. பூமியின் மீது ஓர் அட்சரேகைப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், வடக்கு நோக்கி நாம் நகர வேண்டிய தொலைவு 1,137 கிலோமீட்டர். தீர்க்கரேகைகளின் வேறுபாடு 21.54 பாகை. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் அகன்றும் துருவங்களை நோக்கிப் போகப் போக நெருங்கியும் இருப்பதால், இதை 111-ஆல் பெருக்கியபின், இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் கொசைன் மதிப்பால் மேலும் பெருக்க வேண்டும். நம் பாதையின் நடு அட்சரேகை சுமார் 7.9 பாகை; அதன் கொசைன் 0.99. ஆக மேற்கு நோக்கிய தொலைவு 2,367 கிலோமீட்டர். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் இப்போது கையில் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,626 கிலோமீட்டர் வருகிறது. கோள வடிவத்துக்குரிய முழுமையான சூத்திரத்தைப் போட்டால் கிடைக்கும் விடை சுமார் 2,629. மூன்றே கிலோமீட்டர் வேறுபாடு.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு மட்டுமே இந்த எளிய வழி இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. இதே முறையைக் கோலாலம்பூர்-லண்டன் பாதைக்குப் பயன்படுத்தினால் விடை எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் கூடுதலாக வரும். காரணம், நீண்ட தொலைவில் பூமியின் வளைவு முழு வலிமையுடன் குறுக்கிடுகிறது. இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, தட்டையான வரைபடத்தில் நேர்கோடாக இருப்பதில்லை. வீட்டில் புவிக்கோள மாதிரி இருந்தால், கோலாலம்பூர் மீது நூலின் ஒரு முனையையும் லண்டன் மீது மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். நூல் படியும் வழியே பெருவட்டப் பாதை. அதன் நீளம் சுமார் 10,600 கிலோமீட்டர். ஐரோப்பா, அமெரிக்கா போன்ற தொலைதூர ஊர்களுக்குப் பெருவட்டக் கணிப்பான்களையே நம்ப வேண்டும்.

கோலாலம்பூர்-சென்னை பெருவட்டப் பாதையை வரைபடத்தில் தொடர்ந்து பார்த்தால், அது மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் வடகரையான ஆச்சே பகுதியைத் தொட்டு, கிரேட் நிக்கோபார் தீவை ஒட்டிச் சென்று, அதன்பின் வங்காள விரிகுடாவின் மேலேயே கடைசிவரை போகிறது. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இலாமுரிதேசம் என்றும் மாநக்கவாரம் என்றும் குறிப்பிடுவது இந்த ஆச்சேயையும் நிக்கோபாரையும்தான் என்பது வரலாற்றாய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. சன்னலோர இருக்கை கிடைத்த பகல் பயணத்தில், புறப்பட்டு ஒன்றேகால் மணி நேரம் கடந்தபின் கீழே பார்க்கத் தவற வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்கலாம்.

தொலைவிலிருந்து நேரம்

பயண நேரத்தை மதிப்பிட எளிமையான ஒரு வாய்ப்பாடு உண்டு: கிலோமீட்டரில் உள்ள தொலைவை 800-ஆல் வகுத்து, வரும் விடையோடு அரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். சென்னைக்கு 2,630-ஐ 800-ஆல் வகுத்தால் மூன்று மணி 17 நிமிடம். அரை மணியைக் கூட்டினால் மூன்று மணி 47 நிமிடம். விமான நிறுவனங்கள் அச்சிடும் நேரம் நான்கு மணியை ஒட்டியே இருக்கும். திருச்சி சுமார் 2,690 கிலோமீட்டர் என்பதால் மூன்று மணி 52 நிமிடம். தில்லி சுமார் 3,880 கிலோமீட்டர் என்பதால் ஏறத்தாழ ஐந்து மணி இருபது நிமிடம். கொழும்பு இன்னும் கிட்ட, சுமார் 2,465 கிலோமீட்டர், மூன்றரை மணிக்குச் சற்று மேல்.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் உயரே சீராகப் பறக்கும்போது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் போகின்றன. அப்படியிருக்க 800 என்று குறைத்துப் போடுவது ஏன் என்று கேட்கலாம். விமானம் பெருவட்டத்தின் மீது கோடு போட்டாற்போல் பறப்பதில்லை. வகுத்து வைக்கப்பட்ட வான்வழிகளைப் பின்பற்றி, போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் திருப்பங்களை ஏற்று, இடிமேகம் கண்ட இடத்தில் விலகித்தான் போகிறது. அந்தக் கூடுதல் தொலைவுக்கு ஈடாகவே வேகத்தைச் சற்றுக் குறைத்து எடுத்துக்கொள்கிறோம். கூட்டப்படும் அரை மணி நேரம், வாயிலிலிருந்து ஓடுபாதை வரை தரையில் ஊர்வதற்கும், மேலேறி இறங்குவதற்கும் உரியது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற வேக வரம்பு உண்டு. சிப்பாங் விமான நிலையத்துக்கு மூன்று ஓடுபாதைகள் இருப்பதால், எந்த ஓடுபாதை என்பதைப் பொறுத்துத் தரையில் ஊரும் நேரம் மட்டுமே பத்து நிமிடமாகவும் இருக்கலாம், இருபது நிமிடமாகவும் இருக்கலாம்.

பயணச்சீட்டில் உள்ள நேரம், விமானம் வாயிலை விட்டு நகரும் நொடியிலிருந்து மறுமுனையில் வாயிலில் வந்து நிற்கும் நொடி வரையிலானது. அதில் நிறுவனங்கள் ஓரளவு தாராளமும் சேர்த்து வைத்திருக்கும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் அது காலந்தவறாத வருகை என்றே துறையில் கணக்கிடப்படுகிறது. ஆகவே பயணச்சீட்டு நான்கு மணி என்று சொல்ல, விமானி ஒலிபெருக்கியில் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் என்று அறிவித்தால், அவர் வானில் இருக்கும் நேரத்தைச் சொல்கிறார் என்று கொள்ள வேண்டும். உங்கள் குறிப்பிட்ட விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அறிய மிகச் சிறந்த வழி, ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமான எண்ணைக் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தின் புறப்பாடு, வருகை நேரங்களைப் பார்ப்பதுதான். எந்த வாய்ப்பாட்டையும்விட இதை நான் உயர்வாக மதிக்கிறேன். வழக்கமாகத் தாமதமாகப் புறப்படும் விமானம் எது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

காற்றும் பருவமும்

ஒரே பாதையில் ஒரே விமானம் ஒரு மாதம் இருபது நிமிடம் முன்னதாக வந்து சேர்வதற்கும் மறு மாதம் பின்தங்குவதற்கும் பெரும்பாலும் மேல்வானக் காற்றே காரணம். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில்லாமல் பறந்தால் 2,630 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி பத்து நிமிடம் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரையின் மீதான வேகம் 750 ஆகக் குறைந்து மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் இரண்டு மணி 53 நிமிடத்தில் கடந்துவிடலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில், தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலிமையான காற்றோட்டம் வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் விளக்கி எழுதிய வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று அதுதான். அதன் மையம் பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், கீழ்விளிம்பின் தாக்கம் விமானத்துக்கு எட்டுகிறது. கீழே தரையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்க, பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர்மாறாக வீசுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அந்த மாதங்களில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்துக்குப் பின்காற்றும், திரும்பி வரும் விமானத்துக்கு எதிர்க்காற்றும் கிடைக்கும். தில்லி செல்பவர்களுக்கு நிலைமை வேறு. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மீது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்றால், அங்கே போவதற்குக் கூடுதல் நேரமும் வருவதற்குக் குறைந்த நேரமும் ஆகும். லண்டன் பாதையிலும் போவது நீண்டும் வருவது குறுகியும் இருப்பதற்கு மேலைக் காற்றே காரணம்.

காற்றைத் தவிர, நாள்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போகி நாள் அதிகாலையில் சென்னையில் பனியோடு புகையும் சேர்ந்துகொண்டு, ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாகியும் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டும் இருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஒரு காலைப் பொழுதைத் தவிர்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவத்தில், 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. நவம்பர், டிசம்பர் மாதங்களில் திருமணத்துக்குப் போகிறவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு போய்ச் சேரும்படி சீட்டு வாங்கக் கூடாது. குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடிகாரக் கணக்கு

எல்லாவற்றிலும் அதிகமாகப் பிழை நேர்வது இங்கேதான். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரப்படியும் அச்சிடப்படுகிறது. மலேசிய நேரம் உலக நேரத்தைவிட எட்டு மணி முன்னால். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால். ஆகவே இந்தியா எப்போதும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இலங்கைக்கும் இதே வேறுபாடுதான். இரு நாடுகளிலும் கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால், இந்த இரண்டரை மணி ஆண்டு முழுவதும் மாறாது.

கோலாலம்பூரில் இரவு 9.00 மணிக்குப் புறப்பட்டு, சென்னையில் இரவு 10.30 மணிக்குச் சேரும் என்று சீட்டு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் வருவது ஒன்றரை மணி. மேற்கே போகும்போது இரண்டரையைக் கூட்ட வேண்டும். நான்கு மணி நேரம். திரும்பும்போது சென்னையில் இரவு 11.30 மணிக்குப் புறப்பட்டு, கோலாலம்பூரில் காலை 6.00 மணிக்குச் சேரும் என்றால், கழித்து வருவது ஆறரை மணி. கிழக்கே வரும்போது இரண்டரையைக் கழிக்க வேண்டும். அதே நான்கு மணி நேரம். போகும்போது கூட்டல், வரும்போது கழித்தல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சூரியனைக் கொண்டு பார்த்தால் கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இரண்டரை மணி வேறுபாடு இல்லை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். இரு விமான நிலையங்களுக்கும் இடையே 21.54 பாகை என்பதால், சூரிய உதயத்தில் சராசரி வேறுபாடு சுமார் 86 நிமிடம் மட்டுமே. ஆனால் இந்தியா 82.5 பாகைக் கோட்டையும், மலேசியா 120 பாகைக் கோட்டையும் நேரத்துக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு ஒரே நேரத்தைப் பின்பற்றும்படி அரை மணி முன்னே நகர்ந்தது. அதற்கு முன்பு தமிழ்நாட்டோடு நமக்கிருந்த வேறுபாடு இரண்டு மணி நேரம்தான். பழைய நினைவில் இரண்டு மணி என்றே சொல்லும் பெரியவர்களை இங்கே இன்றும் காணலாம்.

நேரத்தைவிட நாளில் தவறுபவர்கள் அதிக இழப்புக்கு உள்ளாகிறார்கள். 15ஆம் தேதி நள்ளிரவு 12.40 மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு, 14ஆம் தேதி இரவு உணவை முடித்தவுடனேயே வீட்டிலிருந்து கிளம்பியாக வேண்டும். 15ஆம் தேதி இரவு போகலாம் என்று பெட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். அதேபோல், சேரும் நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கூட்டல் குறியும் ஒன்று என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருந்தால், மறுநாள் வந்து சேர்கிறது என்று பொருள். கைப்பேசித் திரையில் அது மணியோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். அழைத்துப்போக வருபவருக்குச் செய்தி அனுப்பும்போது சீட்டின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு விட்டுவிடாமல், கிழமை, தேதி, ‘இந்திய நேரம்’ அல்லது ‘மலேசிய நேரம்’ என்ற சொல், விமான எண், இவற்றை ஒரே வரியில் எழுதி அனுப்ப வேண்டும்.

மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த இரண்டரை மணி முக்கியம். சென்னைக்குப் போகும் நாள் இருபத்தாறரை மணி நேரம் நீண்டதாகவும், திரும்பும் நாள் இருபத்தொன்றரை மணி நேரமாகச் சுருங்கியும் இருக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அந்த இரண்டு நாள்களிலும் வேளையை எப்படி மாற்றுவது என்று பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாசலிலிருந்து வாசல் வரை

மேலே சொன்ன இரவு 9.00 மணி விமானத்தையே எடுத்துக்கொண்டு முழுப் பயணத்தையும் கணக்கிடுவோம். அனைத்துலக விமானங்களுக்குப் பயணப் பதிவு முகப்பு வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடப்படும். பெட்டி ஏற்றுபவர்கள் ஆறு, ஆறரை மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்து முதல் முனையத்தை அடைகிறது. இரண்டாம் முனையத்துக்கு மேலும் ஐந்து நிமிடம். ஏர் ஏசியா இரண்டாம் முனையத்திலும், மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையத்திலும் இயங்குகின்றன. எந்த முனையம் என்பதை வாடகைக் காரில் ஏறும்முன் சீட்டில் பார்த்துவிடுவது அவசியம். முதல் முனையத்தில் துணைக்கட்டடத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கு, 2025 ஜூலையில் மீண்டும் ஓடத் தொடங்கிய தானியங்கி ரயிலில் போக வேண்டும். இரண்டாம் முனையத்தில் வான்பாலத்தைக் கடந்து நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்து கொடுங்கள். கேட்பதற்குத் தயங்குவது பெரியவர்களின் இயல்பு, பதிவு செய்வது பிள்ளைகளின் பொறுப்பு.

செந்தூலிலோ கிள்ளானிலோ இருப்பவர் மாலை 5.00 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். சென்னையில் இறங்கும்போது இந்திய நேரம் 10.30. குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். வெளியே வந்து உறவினரைச் சந்திக்கும்போது நள்ளிரவு 12.00, மலேசியக் கணக்கில் அதிகாலை 2.30. நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஒன்பதரை மணி நேரம் ஆகியிருக்கிறது. உடல் களைப்பது இந்த ஒன்பதரைக்குத்தான். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோயில் பயணம் என்று திட்டமிடும்போது இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த முழுக்கணக்கைப் போடும்போதுதான், பறக்கும் தொலைவு குறைந்த ஊர் எப்போதும் நல்ல தேர்வு ஆகாது என்பது விளங்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வானில் சென்னையைவிடத் திருச்சி அறுபது கிலோமீட்டர் அதிகம். நேரத்தில் ஐந்து நிமிடமும் கூடாது. ஆனால் திருச்சியில் இறங்கினால் தஞ்சாவூருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சென்னையில் இறங்கினால் சுமார் 340 கிலோமீட்டர், ஆறு ஏழு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை, கரூர் ஆகிய ஊர்களுக்கும் திருச்சியே பொருத்தம். சென்னைச் சீட்டு நூறு ரிங்கிட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, அதைவிட அதிகமாக வாடகைக் காருக்குக் கொடுப்பது பல குடும்பங்களில் நடக்கிறது. முதலில் போக வேண்டிய ஊரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதன்பிறகு விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பினாங்கு

கோலாலம்பூர்-பினாங்கு வான்வழித் தொலைவு, சிப்பாங்கிலிருந்து அளந்தால் சுமார் 325 கிலோமீட்டர். சுபாங்கிலிருந்து அளந்தால் சுமார் 280. சிப்பாங்கிலிருந்து போகும் ஜெட் விமானத்துக்கும் பயண நேரம் ஒரு மணி, சுபாங்கிலிருந்து போகும் சிறு டர்போபுரொப் (சுழல்விசிறி) விமானத்துக்கும் ஏறத்தாழ ஒரு மணிதான். தொலைவில் குறைந்ததை வேகக் குறைவு ஈடுசெய்துவிடுகிறது. ஆனால் நகரின் வடக்கு, மேற்குப் பகுதிகளில் வசிப்பவர்களுக்குச் சுபாங் மிக அருகில். சிப்பாங் வழியாகப் போனால், நிலையத்துக்குச் செல்லும் நேரம், காத்திருப்பு, பறப்பது, பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாஸிலிருந்து ஜோர்ஜ்டவுனுக்குப் போகும் 16 கிலோமீட்டர் என்று எல்லாம் சேர்ந்து மூன்றரை மணியைத் தாண்டிவிடும். கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயில் பட்டர்வொர்த்துக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து படகில் கால் மணி நேரத்தில் தீவில் இறங்கிவிடலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் குடும்பத்துக்கு ரயிலையே நான் பரிந்துரைப்பேன், ஆனால் அந்த வாரத்துக்குச் சீட்டு வெகு முன்பே தீர்ந்துவிடும்.

பினாங்கிலிருந்து சென்னைக்கு வான்வழியே சுமார் 2,365 கிலோமீட்டர். வாய்ப்பாட்டின்படி ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். கோலாலம்பூர் வழியாகப் போனால் முதலில் 325, பிறகு 2,630, ஆக 2,955 கிலோமீட்டர். எதிர்த்திசையில் போய் வருவதால் மட்டும் 590 கிலோமீட்டர் கூடுகிறது. இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு எட்டு மணி நேரம் ஆகிவிடும். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடிச் சேவை தொடங்கப்பட்டது என்பதால், மலேசியாவின் வடமாநிலங்களில் இருப்பவர்கள் தங்கள் பயண நாளில் அது இயங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இயங்காத நாளில் கோலாலம்பூர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், இரண்டு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டாக வாங்குவது பாதுகாப்பு. தனித்தனியாக வாங்கினால், சிப்பாங்கில் பெட்டியை எடுத்து, தேவையானால் முனையம் மாறி, மீண்டும் முகப்பில் பதிவு செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அப்படி வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில், முதல் விமானம் சேரும் நேரத்துக்கும் இரண்டாவது புறப்படும் நேரத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விட்டு வாங்குங்கள்.